விதானையார் வீட்டுச் சாய்மனைக் கதிரை

பாலையூற்று,
திருகோணமலை.
20.4.1964, திங்கள்

அருள்மலர் அவர்களுக்கு,

நான் நலம் எண்டு தொடங்கத்தான் பேனையை எடுத்தனான். அந்த முதல் சொல்லிலேயே நிண்டுபோச்சு. நான் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கலியாணம் பேசி முடிஞ்ச பிறகு மாப்பிள்ளை பொம்பிளைக்குக் கடிதம் எழுதுறது உங்கட மூதூர்ப் பக்கம் சரியோ பிழையோ தெரியாது. தபாலில போட்டால் முதல் உங்கட அப்பாவின்ர கையிலதான் விழும். அதால மூதூருக்குக் கடலில ஓடுற லோஞ்சில வேலை செய்யிற ஆதம்பாவா காக்காவிட்டக் குடுத்துவிடுறன். நீங்கள் படிப்பிக்கிற கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுற இடத்தில தருவார். நல்ல மனுசன், வாய் திறக்கமாட்டார்.

எனக்கு நாரியில, இடுப்புக்குப் பின்னால, வருத்தம். அஞ்சு வருசமாச்சு. கப்பலில தேயிலை ஏத்தி முடிஞ்சு, கிடங்கு மூடுற பலகையை நானும் இன்னொருத்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சம். ரெண்டு பேரும் ஒண்டாத் தூக்கவேணும், அதுதான் முறை. வீட்டுக்குப் போற அவசரத்தில நான் முந்தித் தூக்கிப்போட்டன். பிழை என்னில. கொழும்பில படம் பிடிச்சுப் பாத்த டொக்டர், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கெண்டும், அதில ஒண்டு பிதுங்கிக் காலுக்குப் போற நரம்பை அமத்துது எண்டும் சொன்னார். நாரியில தொடங்கி இடக்குதி வரைக்கும் நோ, இழுத்துப் பிடிக்கிற வலி. வெட்டினால் சுகம் வந்தாலும் வருமாம், கால் இழுத்தாலும் இழுக்குமாம். நான் வெட்டேல்லை.

நிண்டால் பரவாயில்லை. நடந்தாலும் பரவாயில்லை. இருந்தால்தான் வினை, அதுவும் பதிவான, தாழ்ந்த கதிரையில. இப்ப எனக்குச் சிக்னல் வேலை. கப்பல் தட்டில நிண்டு கிரேன்காரருக்குத் தூக்கு, பதி, நிப்பாட்டு எண்டு கையால காட்டுறது. இடக்காலில பாரம் போடாமல் நிக்கிறதால துறைமுகத்தில எனக்குக் கொக்கு எண்டு பட்டம்.

இதை முதலே சொல்லியிருக்கவேணும். ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணம் செய் எண்டு சொல்லுவினமே, நாங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லை, அவை கேக்கேல்லை, நாங்கள் சொல்லேல்லை, அவ்வளவுதான் எண்டது என்ர மாகிரட் அக்காவின்ர நியாயம். நானும் அதுக்குள்ள ஒளிச்சிருந்திட்டன். நேற்று இங்க கோயிலில பூசைக்குள்ள எங்கட கலியாண அறிவித்தல், ரெண்டாம் ஓலை, வாசிச்சவை. 'இவர்களுக்குள்ளே தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கவேண்டும்' எண்டு சுவாமியார் சொல்லேக்க, கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால நிண்ட எனக்கு வேர்த்துப்போச்சு. அக்கா திரும்பி ஒரு முழி முழிச்சா.

வாற ஞாயிறு மூண்டாம் ஓலை. அதுக்குப் பிறகு சொன்னால் அது சொன்னதாகாது. வேண்டாமெண்டால் ஒரு வரி எழுதுங்கோ. என்ர பக்கத்தில ஒரு சாட்டுச் சொல்லி நிப்பாட்டுறன். உங்கட பேருக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
டொமினிக்


மூதூர்.
21.4.1964, செவ்வாய்

திரு. டொமினிக் அவர்களுக்கு,

உங்கட கடிதத்தைப் பஸ்சுக்குள்ள வைச்சு வாசிச்சன். பக்கத்தில பூரணி ரீச்சர் இருந்ததால அழவும் ஏலாமல், கோவிக்கவும் ஏலாமல், பள்ளிக்கூடம் வரைக்கும் முகத்தைப் பலகை மாதிரி வைச்சுக்கொண்டு போனனான். அதுக்கே உங்களில எனக்குக் கோவம்.

அஞ்சு வருசமா இருக்கிற நாரி, ரெண்டாம் ஓலை வாசிச்ச பிறகுதானோ உங்களுக்கு ஞாபகம் வந்தது?

உங்களுக்குத் தெரியாத ஒண்டை நானும் சொல்லவேணும். அப்பா இருபத்திரண்டு வருசம் அரசாங்கத்தின்ர பேரில இந்த ஊரை ஆண்ட விதானை. அவருக்கு முன்னால ஒருத்தரும் இருந்ததில்லை, நிண்டுதான் கதைப்பினம். போன வருசம் அரசாங்கம் விதானை வேலையையே இல்லாமல் ஆக்கிப்போட்டுது. முந்திக் கையைக் கட்டிக்கொண்டு நிண்டவை இப்ப கேக்காமலே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கினம். அப்பா ஒண்டும் சொல்லமாட்டார். ஆனால் அண்டைக்குச் சோறு இறங்காது.

அதால என்னைப் பாக்க வாற மாப்பிள்ளைமாருக்கு அவர் ஒரு சோதினை வைச்சிருக்கிறார். தான் உயரக் கதிரையில நிமிர்ந்து இருப்பார். எதிரில அந்தச் சாய்மனைக் கதிரை. 'இருங்கோ தம்பி' எண்டு மூண்டு தரம் சொல்லுவார். இருந்தால் கதை முடிஞ்சுது. மட்டக்களப்பிலயிருந்து வந்த கிளாக்கர் முதல் சொல்லிலேயே இருந்து, காலையும் தூக்கிக் கதிரைக் கையில போட்டார். ரெண்டாவதா வந்த ஓவசியர் பாவம், மூண்டாம் தரம் சொல்லத்தான் இருந்தவர். ரெண்டு பேரும் சரிவரேல்லை.

நீங்கள் ரெண்டு மணித்தியாலம் நிண்டீங்கள். நீங்கள் போன பிறகு அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, 'வேலை போனாலும் எனக்கு முன்னால நிக்க ஒருத்தன் இருக்கிறான்' எண்டார். கண் கலங்கியிருந்தது. உங்களைப் பற்றி வேற ஒண்டும் விசாரிக்கேல்லை.

அது மரியாதை இல்லை, நாரி எண்டு இப்ப சொல்லுறீங்கள். நல்லாயிருக்கு.

நான் கேக்கிறதுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கோ. இது வரவரக் கூடுமோ, குறையுமோ? வருசத்தில எத்தினை நாள் படுக்கை? பிள்ளையெண்டு ஒண்டு பிறந்தால் தூக்க ஏலுமோ? நோ வந்தால் கோவம் வருமோ, வந்தால் ஆரில காட்டுவீங்கள்? சாட்டுச் சொல்லி நிப்பாட்டுற வேலையெல்லாம் வேண்டாம். அதை நான் பாத்துக்கொள்ளுவன்.

அருள்மலர்


பாலையூற்று,
22.4.1964, புதன்

அருள்மலர் அவர்களுக்கு,

சிரிச்சால் எனக்கு நாரி பிடிக்கும். எண்டாலும் அந்தக் கிளாக்கர் காலைத் தூக்கிப் போட்டதை வாசிச்சுச் சிரிச்சன். பிறகு யோசிச்சுப் பாத்தால் சிரிக்க ஒண்டுமில்லை.

உங்கட அப்பா 'இருங்கோ தம்பி' எண்டு சொல்லச் சொல்ல நான் அந்தக் கதிரையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். அந்தச் சீலை தொய்ஞ்சு நிலத்தில முட்டுறமாதிரிக் கிடந்தது. அதுக்குள்ள இறங்கினால் கிரேன் கொண்டுவந்துதான் கிளப்பவேணும். மூண்டாம் தரம் 'பரவாயில்லை ஐயா' எண்டதும் அவர் என்னை ஒரு பார்வை பாத்தார். சரி, மனுசனுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் லோஞ்சு ஏறினனான்.

நீங்கள் கேட்டதுக்கு வாறன். கூடுமோ குறையுமோ எண்டு டொக்டருக்கே தெரியாது. போன வருசம் படுக்கை முப்பத்தொரு நாள், மூண்டு தரமா. ஒருக்கா வாளி தூக்கினது. ஒருக்கா மழைக்கால ஈரம் எண்டு அக்கா சொல்லுறா. மற்றது ஒரு தும்மல். மெய்யாத்தான், தும்மினனான், பதினொரு நாள் விழுந்து கிடந்தன். பரியாரி எண்ணெய், நொச்சி அவிச்ச ஒத்தடம், ஆசுபத்திரிக் குளிசை எல்லாம் பாத்தாச்சு. கொஞ்சம் கேக்கும், பிறகு பழையபடி. படுக்கிறது வெறும் பலகையில. சாப்பிடுறது குசினி மேசைக்கு மேல ஒரு தேயிலைப் பெட்டியை வைச்சு, நிண்டபடி. இந்தக் கடிதமும் அந்தப் பெட்டியிலதான் எழுதுறன்.

நிலத்தில கிடக்கிற பிள்ளையைக் குனிஞ்சு தூக்க ஏலாது. ஆரும் கையில தந்தால் வைச்சுக்கொண்டு எவ்வளவு தூரமும் நடப்பன்.

கோவம் வரும். ஒருக்கா அக்கா தேத்தண்ணி கொண்டுவரப் பிந்தினதுக்குக் கோப்பையை எறிஞ்சனான். உடைஞ்ச துண்டைப் பொறுக்க எனக்குக் குனிய ஏலாது. எறிஞ்சவன் நான், பொறுக்கினது அக்கா. அதுக்குப் பிறகு எறியிறதில்லை. சத்தம் போடுறனான், அது இப்பவும் இருக்கு.

இனி உங்கட அப்பா. அவருக்குச் சொல்லாமல் ஏலாது. நீங்கள் சொல்லுறீங்களோ, நான் வந்து சொல்லட்டோ?

டொமினிக்


மூதூர்.
23.4.1964, வியாழன்

டொமினிக் அவர்களுக்கு,

சொல்ல வேண்டாம்.

வடிவா யோசிச்சுத்தான் எழுதுறன். எனக்கு இருபத்தொன்பது வயசு. நீங்கள் வந்த அண்டைக்குக் குசினிக் கதவு இடுக்கால உங்களைப் பாத்தனான். உங்கட இடக்குதி நிலத்தில முட்டேல்லை. நெத்தியெல்லாம் வேர்வை. இவர் பயந்த மனுசன்போல எண்டு நினைச்சன். பயந்த மனுசன் எண்டால் நல்லம்தானே எண்டும் நினைச்சன். இப்ப பாத்தால் பயம் இல்லை, நோ. அதை என்னால சமாளிக்கலாம். முப்பத்தொரு நாள் போனால் மிச்சம் முந்நூற்று முப்பத்திநாலு நாள் இருக்கு. நோ இல்லாமலே வருசம் முழுக்கச் சாய்ஞ்சு கிடக்கிற ஆம்பிளையளை இந்த ஊரில நான் எத்தினை பேரைக் காணுறன்.

கோப்பைக் கதையை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினபடியால்தான் உங்களை நம்புறன்.

ஆனால் அப்பாவுக்கு வேண்டாம். அவருக்கு இப்ப மிஞ்சியிருக்கிறது நீங்கள் நிண்ட அந்த ரெண்டு மணித்தியாலம் மட்டும்தான். பின்னேரத்தில ஆர் வந்தாலும் அதைத்தான் சொல்லுறார். இப்ப போய் அது மரியாதை இல்லையெண்டு சொன்னால் ஊர் தன்னைப் பாத்துச் சிரிக்குது எண்டு நினைப்பார். கோவத்தில ஓலையை நிப்பாட்டிப் போடுவார். நாலாவதா ஒருத்தர் வந்து அந்தக் கதிரைக்கு முன்னால நிக்கிறாரோ இருக்கிறாரோ எண்டு கதவு இடுக்கால பாக்க எனக்கு இனி ஏலாது. மெய்யா ஏலாது.

ஞாயிறு போகட்டும். கலியாணம் முடிஞ்சால் மெல்லமெல்லத் தெரியவரும்தானே.

அருள்மலர்


பாலையூற்று,
24.4.1964, வெள்ளி

அருள்மலர்,

முந்நூற்று முப்பத்திநாலு நாள் எண்டு நீங்கள் எழுதினதை அஞ்சாறு தரம் வாசிச்சன். எனக்குச் சந்தோசம். இதைவிட வேற மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

எண்டாலும் நீங்கள் சொல்லுறது நடக்காது. மே நாலாம் திகதி உங்கட கோயிலில, பீடத்துக்கு முன்னால, பூசை முடியுமட்டும் நாங்கள் முழங்காலில நிக்கவேணும். எனக்கு அது கால்மணித்தியாலத்துக்கு மேல ஏலாது. எழும்பேக்க எதையாவது பிடிச்சுத்தான் எழும்புவன், பிடிக்க ஒண்டுமில்லாட்டி விழுவன். மூதூர்ச் சனம் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்க, உங்கட அப்பாவும் அப்பதான் முதல் தரம் அறிவார். அது அவருக்கு மரியாதையோ?

இங்க கோயிலில நான் கடைசியில நிக்கிறதைப் பாத்து, கொக்குக்குத் தலைக்கனம், ஆண்டவருக்கு முன்னாலயும் முழங்கால் மடிக்கான் எண்டு சொல்லுகினம். உங்கட அப்பா அதையே பாத்து மரியாதை எண்டுறார். ரெண்டும் நானில்லை. தலைக்கனம் எண்டு சொல்லுறவையளை விட்டிடலாம். மரியாதை எண்டு நம்பின மனுசனை ஏமாத்தேலாது. மடியில கனத்தை வைச்சுக்கொண்டு அவற்ர வீட்டில நான் என்னெண்டு சாப்பிடுறது?

நாளைக்குப் பத்துமணி லோஞ்சில வாறன். கோவிக்கிறதெண்டால் கோவியுங்கோ.

டொமினிக்


மூதூர்.
26.4.1964, ஞாயிறு

அன்புள்ள டொமினிக்குக்கு,

அன்புள்ள எண்டு முதல் தரம் எழுதுறன். கையெல்லாம் கூசுது.

நேற்றுத் திரும்பிப் போகேக்க லோஞ்சுத் தட்டில அரிசிச் சாக்குக்கு மேல மல்லாந்து கிடந்தபடிதான் போனீங்களாம். ஒரு முனகல் கூட இல்லையாம். ஆதம்பாவா காக்கா சொல்லேக்க அவற்ர குரலே ஒரு மாதிரியா இருந்தது. எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு உடன எழுதுங்கோ.

நீங்கள் நிண்டபடி சொல்லிப்போட்டுப் போவீங்கள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். அப்பா 'இருங்கோ தம்பி' எண்டது, வரப்போற மருமோனுக்குச் சும்மா ஒரு உபசாரம். நீங்கள் 'ஓம் ஐயா' எண்டுபோட்டு அந்தக் கதிரையில போய் இருந்தீங்கள். என்ர கையில இருந்த தேத்தண்ணி கொட்டுண்டது. ஐயோ, என்ன துணிவு உங்களுக்கு!

'போன முறை நான் நிண்டது மரியாதையில இல்லை ஐயா, இருக்க ஏலாமல் நிண்டனான். இப்ப இருந்திட்டன். எழும்ப ஏலாது' எண்டு சொல்லி, எழும்பிக் காட்டப் பாத்தீங்கள். முதல் தரம் ஏலேல்லை. ரெண்டாம் தரம் அரைவாசி வந்து திரும்ப விழுந்தீங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீங்கள். அதால அப்பாவை நீங்கள் பாத்திருக்கமாட்டீங்கள். நான் பாத்தனான், அதைச் சொல்லுறன்.

நீங்கள் இருந்தவுடன அவற்ர முகம் கறுத்தது உண்மை. நீங்கள் கதைக்கக் கதைக்கக் கதிரைக் கையை இறுக்கிப் பிடிச்சபடி உங்களையே பாத்துக்கொண்டிருந்தார். நீங்கள் ரெண்டாம் தரம் விழுந்ததும் எழும்பினார். வீட்டுக்கு வந்த ஒருத்தருக்காக அப்பா எழும்பினதை நான் இண்டைவரைக்கும் கண்டதில்லை. எழும்பி வந்து, குனிஞ்சு, உங்கட ரெண்டு கமக்கட்டுக்குள்ளயும் கையைக் குடுத்தார். அறுபத்திமூண்டு வயசு. மூச்சு வாங்கினது.

நீங்கள் போன பிறகு பின்னேரம் மட்டும் வளவுக்குள்ளயே நடந்துகொண்டு திரிஞ்சார். பிறகு என்னைக் கூப்பிட்டு, 'நோவில நிண்டவனைப் பாத்து ரெண்டு மணித்தியாலம் சந்தோசப்பட்டிருக்கிறன். நான் ஒரு விசரன்' எண்டார். நோவெண்டு நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் பலகை வாங்கு போட்டிருப்பாராம். உனக்கு முதலே தெரியுமோ எண்டு கேட்டார். செவ்வாய்க்கிழமை தொடக்கம் தெரியும் எண்டன். சொல்ல வேண்டாமெண்டு மறிச்சது நீயோ எண்டார். ஓம் எண்டன். 'அப்ப அவன் உன்னைவிட நல்லவன்' எண்டுபோட்டுக் கிணத்தடிக்குப் போயிட்டார்.

இண்டைக்கு விடியப் பூசைக்கு முந்தியே தனியப் போய்ச் சுவாமியாரைக் கண்டிருக்கிறார். சரி, எல்லாம் முடிஞ்சுது எண்டு நானும் அம்மாவும் நினைச்சம். பூசையில எனக்கு ஒரு செபமும் வாயில வரேல்லை. சுவாமியார் ஓலையைக் கையில எடுக்க, நெஞ்சு அடிச்ச அடி பக்கத்தில இருந்த புஸ்பராணி அன்ரிக்கும் கேட்டிருக்கும்.

வாசிச்சார். உங்கட பேர், என்ர பேர், மூண்டாம் தரம். தடை ஏதும் உண்டோ எண்டு கேக்க, அப்பா முன் வாங்கிலயிருந்து திரும்பி, பழைய விதானைக் கண்ணால கோயில் முழுக்க ஒருக்காப் பாத்தார். ஒருத்தரும் இருமக் கூட இல்லை.

அவர் சுவாமியாரிட்டச் சொன்னது இதுதானாம்: 'என்ர மருமோனுக்கு முழங்காலில நிக்க ஏலாது. நிமிர்ந்து நிண்டுதான் கட்டுவார். மகளும் நிப்பாள்.' கேட்டதில்லையாம், சொன்னதாம். வேலை போன பிறகு அவர் ஒருத்தருக்கு ஓடர் போட்டது இதுதான் முதல்.

அருள்மலர்


பாலையூற்று,
27.4.1964, திங்கள்

அன்புள்ள அருள்மலர்,

இது பென்சில். மல்லாந்து கிடந்துகொண்டு எழுதினால் பேனையில மை இறங்காது. எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

சனிக்கிழமை தொடக்கம் பலகையிலதான். அந்தக் கதிரையில நான் இருந்தது பத்து நிமிசம் வராது. இடப்பாதத்தில விறைப்பு, அக்கா கிள்ளினாலும் தெரியேல்லை. வீட்டுக்கு வந்து பாத்த டொக்டர் ரெண்டு கிழமை அசையக்கூடாது எண்டிட்டார். நாலாம் திகதிக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. ஓலை மூண்டும் வாசிச்சாச்சு, மாப்பிள்ளைக்குத்தான் எழும்ப ஏலாமல் கிடக்கு.

அப்பா எழும்பி வந்தார் எண்டு நீங்கள் எழுதினதை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ மூக்கைச் சிந்திக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டா. எனக்கும் அழுகைதான். படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள்ள போகுது.

எண்டாலும் ஒண்டைச் சொல்லவேணும். இப்ப கிடக்கிறது ரெண்டு கிழமை. இது இந்த வருசத்தின்ர தொடக்கம் மட்டும்தான். முப்பத்தொண்டோட நிக்கும் எண்டு நான் கையெழுத்து வைச்சுத் தரமாட்டன். நாளைக்கு இந்தப் பாதம் இப்பிடியே விறைச்சுப்போனால் சிக்னல் வேலையும் இல்லை. உங்களுக்கு இன்னும் யோசிக்க நேரமிருக்கு. உங்கட அப்பாவும் யோசிக்கவேணும். அவர் எனக்காகச் சுவாமியாரிட்டப் போய் நிமிர்ந்து நிப்பார் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறார். நிமிர்ந்து நிக்க ஏலாமல் கிடக்கிறவனைக் கண்டால் என்ன நினைப்பார்? எனக்கு நோவைவிட அதுதான் பயம்.

டொமினிக்


மூதூர்.
28.4.1964, செவ்வாய்

அன்புள்ள டொமினிக்குக்கு,

யோசிச்சாச்சு. நாலாம் திகதி ஏலாட்டிப் பதினோராம் திகதி. அதுவும் ஏலாட்டி அதுக்கு அடுத்த திங்கள். வாசிச்ச ஓலை ஆறு மாசம் செல்லுமாம், சுவாமியாரிட்டக் கேட்டிட்டன். அதுக்குள்ள ஒரு நாளெண்டாலும் நீங்கள் எழும்பாமலா போவீங்கள்?

உங்கட பென்சில் கடிதத்தை நான் ஒளிக்கேல்லை. அப்பாவின்ர கையிலயே குடுத்தன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு அந்தச் சாய்மனைக் கதிரையை மடிச்சு, தானே தூக்கிக்கொண்டு போய் விறகுக் கொட்டிலுக்குள்ள வைச்சார்.

நாளைக்கு முதல் லோஞ்சில உங்களைப் பாக்க வாறார். நான் வரக்கூடாதாம், கலியாணத்துக்கு முந்தி அது முறையில்லையாம். நீங்கள் எழும்பப் பாத்துக் குறளி காட்டவேண்டாம், படுத்தபடியே கதையுங்கோ.

மாகிரட் அக்காவிட்டச் சொல்லுங்கோ, அப்பாவுக்குக் கதிரை போட வேண்டாம். அவர் நிப்பாராம்.

அருள்மலர்